கேள்வி நேரம்: வீடு வரை வரும் ஆன்டிபயாட்டிக் ஊசி

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, மருத்துவமனையில் தொடங்கி வீடு வரை தொடரும் ஆன்டிபயாட்டிக் ஊசிகளைப் பற்றியவை. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஒரே மருந்தின் பெயர் அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருந்தது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்த இதழின் பக்கங்களை இதற்கே தருகிறேன். இங்கே வரும் மருந்தளவுகள் விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காகச் சொல்லப்படுபவை. ஒருவருக்கு எவ்வளவு மருந்து என்பதை அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வாசகி, திண்டுக்கல்: என் அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய் உண்டு. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சலும், முதுகின் ஒரு பக்கத்தில் வலியும் வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரகத்தில் கிருமித் தொற்று என்று சொல்லி, தினமும் ஒரு முறை செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம் நரம்பில் போட்டார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றதும், மீதி நான்கு நாள் ஊசியை வெளியே போட்டுக்கொள்ளச் சொல்லி, கையில் வென்ஃப்ளானோடு (மருந்து செலுத்த நரம்பில் விட்டுவைக்கும் சிறு குழாய்) அனுப்பிவிட்டார்கள். எங்கள் தெருவில், முன்பு நர்சாக வேலை பார்த்த அக்கா ஒருவர் வீட்டுக்கே வந்து போட்டுவிட்டார். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்த என் தம்பி, "வீட்டில் வைத்து நரம்பு ஊசி போடுவார்களா" என்று இன்று வரை கோபித்துக்கொண்டிருக்கிறான். யார் செய்தது சரி, டாக்டர்?

பதில்: உங்கள் அம்மா குணமடைந்தது மகிழ்ச்சி. தம்பியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபம் ஊசி போட்ட அக்காவின் மேலோ உங்கள் மேலோ போக வேண்டியதில்லை. வீட்டில் ஊசி போடுவதே தவறு என்று சொல்லிவிட முடியாது. இதய வால்வில் தொற்று, எலும்பில் தொற்று போன்ற நோய்களுக்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஊசி தேவைப்படுவதுண்டு. அத்தனை நாளும் ஒருவரை மருத்துவமனைக் கட்டிலில் வைத்திருப்பது பணத்துக்கும் கேடு, அங்குள்ள வேறு கிருமிகள் தொற்றிக்கொள்ளும் என்பதால் உடலுக்கும் கேடு. ஆகவே உடல் நிலை சீரானபின் வீட்டிலோ அருகிலுள்ள மருத்துவ நிலையத்திலோ ஊசியைத் தொடரும் முறை பல நாடுகளில் ஒழுங்காக நடைபெறுகிறது. செஃப்ட்ரியாக்சோன் அதற்கு ஏற்ற மருந்தும்கூட. பெரியவர்களின் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 8 மணி நேரம் ஆவதால், பெரும்பாலான தொற்றுகளுக்கு நாளுக்கு ஒரு முறை போட்டால் போதும். சிறுநீர் வழியாகவும் பித்தநீர் வழியாகவும் வெளியேறுவதால், சிறுநீரகம் சற்றுப் பலவீனமாக இருந்தாலும் பொதுவாக அளவைக் குறைக்க வேண்டியிருப்பதில்லை.

என்றாலும் உங்கள் வீட்டில் அந்த நான்கு நாளும் என்னென்ன இருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். எந்த ஆன்டிபயாட்டிக் ஊசிக்கும் மிக அரிதாக, ஆனால் மிக விரைவாக, அனஃபிலாக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை வரலாம். ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சிரைப்பு, கண் இருண்டு சரிதல் என்று அது தொடங்கும். அப்போது உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி ஒன்றே. பெரியவர்களுக்கு அரை மில்லி கிராம், அதாவது 1 மில்லிக்கு 1 மில்லி கிராம் உள்ள ஆம்பூலிலிருந்து அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். குறையாவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும் போட வேண்டும். ஒவ்வாமைக்கு வழக்கமாகப் போடும் அவில், டெக்சா போன்ற ஊசிகள் அதற்கு மாற்று அல்ல. அட்ரினலின் கையில் இல்லாத, அதைப் போடத் தெரிந்தவர் இல்லாத இடத்தில் ஆன்டிபயாட்டிக் ஊசி போடக் கூடாது என்பதை நான் எந்த நோயாளிக்காகவும் தளர்த்தியதில்லை. முதல் மூன்று டோஸ்கள் ஒன்றும் செய்யவில்லை என்பது நல்ல அறிகுறிதான். ஆனால் அது நான்காவது டோசுக்கு உத்தரவாதம் ஆகாது. ஒவ்வொரு முறையும் ஊசி போட்டபின் அரை மணி நேரமாவது நோயாளியின் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும்.

மருந்தைக் கரைக்கும் விதமும் முக்கியம். செஃப்ட்ரியாக்சோன் தூளாக வருகிறது. நரம்பில் போடுவதானால் 1 கிராமுக்கு 10 மில்லி ஸ்டெரைல் வாட்டரில் கரைத்து, இரண்டு முதல் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்த வேண்டும். 2 கிராம் என்றால் சலைன் பாட்டிலில் சேர்த்து அரை மணி நேரத்தில் ஏற்றுவதே நல்லது. இடுப்புத் தசையில் போடும்போது வலிக்கும் என்பதால், லிக்னோகெய்ன் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்தில் கரைப்பதுண்டு. அந்த லிக்னோகெய்ன் கலந்த கரைசல் ஒருபோதும் நரம்புக்குள் போகக் கூடாது. போனால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். அனுபவமுள்ள நர்ஸ்களுக்கு இது தெரியும். ஆனால் மருந்துக் கடையிலிருந்து ஒரே கவரில் மருந்தும் இரண்டு வகை ஆம்பூல்களும் வந்து, மாலை வெளிச்சத்தில் ஒருவர் அவசரமாகப் பிரிக்கும்போது தவறு நேர இடமுண்டு. லேபிளை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவரையும் ஒரு முறை படிக்கச் சொல்லும் பழக்கம் மருத்துவமனைகளில் இருப்பது இதற்காகத்தான்.

வென்ஃப்ளான் இருந்த இடத்தை நாள்தோறும் பார்த்தீர்களா? அந்த இடம் சிவந்தாலோ, சுட்டாலோ, நரம்பு கயிறு போலத் தடித்தாலோ, ஊசி போடும்போது எரிந்தாலோ, அன்றே அதை எடுத்துவிட வேண்டும். ஒரு நோய்க்குப் போட்ட ஊசியின் வழியாகவே இன்னொரு கிருமி இரத்தத்துக்குள் புகுவதை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இவ்வளவுக்கும் மேலாக, வீட்டுக்குக் கிளம்பும் முன்பு நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "மீதி நாட்களுக்கு மாத்திரை போதாதா?" காய்ச்சல் நின்று ஒரு நாளுக்கு மேல் ஆகிறது, வாந்தி இல்லை, சாப்பிட முடிகிறது, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவில் அந்தக் கிருமிக்குப் பொருந்தும் மாத்திரை இருக்கிறது என்றால், சிறுநீரகத் தொற்று உட்படப் பல தொற்றுகளில் இரண்டு மூன்று நாள் ஊசிக்குப் பிறகு மாத்திரைக்கு மாறுவதே சரியான வைத்தியம். ஊசிக்குத்தான் பவர் அதிகம் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோனை ஊசியாகப் போடுவதற்குக் காரணம் அது குடலில் உறிஞ்சப்படுவதில்லை என்பதுதான். லெவோஃப்ளாக்சசின், லினசோலிட் போன்ற மருந்துகளை விழுங்கினாலே ஏறக்குறைய முழு அளவும் இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. கடும் நோயில் ஊசியோடு தொடங்குவதற்குக் காரணங்கள் உண்டு: வாந்தி எடுப்பவருக்கும், இரத்த அழுத்தம் குறைந்தவருக்கும் வயிற்றை நம்ப முடியாது, மருந்து சில நிமிடங்களில் இரத்தத்தில் இருக்க வேண்டும். அந்தக் கட்டம் கடந்த பிறகும் ஊசியிலேயே நிற்பது பெரும்பாலும் பழக்கத்தினால்தான். மூளை உறை அழற்சி போன்ற சில நோய்கள் இதற்கு விதிவிலக்கு. அங்கே பெரியவர்களுக்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 கிராம் என்று முழுக் காலமும் நரம்பு வழியாகவே போட வேண்டும்.

கல்ச்சர் என்றேன். முதல் ஊசிக்கு முன்பே சிறுநீரையும் இரத்தத்தையும் எடுத்து அனுப்பினார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். சிறுநீரகத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை கிருமிகளில் கணிசமானவை இன்று நம் நாட்டில் செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படுவதில்லை. ஒரு டோஸ் உள்ளே போனபின் எடுக்கும் கல்ச்சரில் கிருமி வளராமலே போகலாம். அப்புறம் எல்லாமே ஊகம்தான். ஆனால் நோயாளி, தொற்றினால் இரத்த அழுத்தம் மிகவும் குறைந்த அதிர்ச்சி நிலையில் இருந்தால் கல்ச்சருக்காக மருந்தைத் தாமதப்படுத்தக் கூடாது. அத்தகையவருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட நெறி.

வாசகர், தென்காசி: எனக்குச் சிறு வயதில் பென்சிலின் ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்ததாக அம்மா சொல்வார்கள். இப்போது 41 வயதாகிறது. அண்மையில் நிமோனியாவுக்காகச் சேர்ந்தபோது இதைச் சொன்னேன். "டெஸ்ட் டோஸ் போட்டுவிட்டோம், பயமில்லை" என்று செஃப்ட்ரியாக்சோன் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. டெஸ்ட் டோசை அவ்வளவு நம்பலாமா? இனி நான் பென்சிலினும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: டெஸ்ட் டோசை அவ்வளவு நம்பக் கூடாது. முன்கையில் தோலுக்குள் சிறிது மருந்தைச் செலுத்தி, கால் மணி நேரம் பார்த்து, தடிப்பு இல்லை என்றால் முழு அளவையும் போடுவது நம் ஊரில் பல பத்தாண்டுகளாக வேரூன்றிய வழக்கம். எல்லா நோயாளிக்கும் செஃப்ட்ரியாக்சோனை இப்படிச் சோதிப்பது கடும் ஒவ்வாமையை முன்கூட்டிக் காட்டிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தோல் சாதாரணமாக இருந்தும் முழு டோசில் சரிந்தவர்கள் உண்டு. கரைசல் உறுத்தியதால் தோல் சிவந்து, உண்மையில் ஒவ்வாமையே இல்லாமல் நல்ல மருந்தை இழந்தவர்களும் உண்டு. தோல் சோதனைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வாமை வரலாறு உள்ளவருக்கு, அதற்கென்று தயாரித்த பொருள்களைக் கொண்டு, பயிற்சி பெற்றவர் செய்யும் பென்சிலின் சோதனை பயனுள்ளது. அது வேறு, வார்டில் கண்மூடிப் போடும் டெஸ்ட் டோஸ் வேறு. "டெஸ்ட் போட்டாயிற்று" என்ற நிம்மதியில் நோயாளியை விட்டு நகர்ந்துவிடுவதுதான் இந்த வழக்கத்தால் விளையும் பெரிய தீங்கு என்பது என் கருத்து.

உங்கள் விஷயத்தில் டெஸ்ட் டோசை விட நீங்கள் சொன்ன தகவலுக்கே மதிப்பு அதிகம். பென்சிலின் ஒவ்வாமை உள்ள நூறு பேரில் பத்துப் பேருக்கு, செஃப்ட்ரியாக்சோன் சேர்ந்த குடும்பமான செஃபலோஸ்போரின் மருந்துகளும் ஒத்துக்கொள்ளாது என்று நாங்கள் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கணக்கு மிகையானது என்று பின்னர் தெரிந்தது. அண்மைக் கணக்குகள் அதை நூற்றுக்கு இரண்டு அளவிலேயே வைக்கின்றன. ஒவ்வாமை பெரும்பாலும் மருந்து மூலக்கூறின் பக்கச் சங்கிலியைப் பொறுத்தது. செஃப்ட்ரியாக்சோனின் பக்கச் சங்கிலி பென்சிலினுடையதைப் போன்றதன்று. செஃபலெக்சின், செஃபட்ராக்சில் போன்றவற்றின் சங்கிலியோ ஆம்பிசிலின், அமாக்சிசிலின் ஆகியவற்றை ஒத்தது. ஆகவே உங்களுக்குச் செஃப்ட்ரியாக்சோன் போட்டதில் தவறில்லை. அதே காரணத்தால்தான், அது ஒத்துக்கொண்டதை வைத்துப் பென்சிலினும் ஒத்துக்கொள்ளும் என்று முடிவு கட்டவும் முடியாது. பென்சிலின் ஒவ்வாமை உடையவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்குப் பத்து ஆண்டுகளில் அது மறைந்துவிடுகிறது. உங்களுக்கும் மறைந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் அதை ஒவ்வாமை மருத்துவர் ஒருவரிடம் முறையாகச் சோதித்து அறிய வேண்டும். அம்மா இருக்கும்போதே கேட்டு, ஊசி போட்ட எத்தனை நேரத்தில் தடித்தது, மூச்சுத் திணறியதா, என்ன சிகிச்சை தந்தார்கள் என்பதை ஒரு தாளில் எழுதிவையுங்கள். மருந்தால் தோல் உரிந்து, வாயும் கண்ணும் புண்ணாகிய வரலாறு ஒருவருக்கு இருந்தால் மட்டும் சோதனை என்ற பேச்சே இல்லை. அந்த மருந்தை வாழ்நாள் முழுவதும் தொடக் கூடாது.

வாசகர், விழுப்புரம்: என் மகனுக்கு 22 வயது. காய்ச்சலுக்காக மூன்று நாள் தொடர்ந்து செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டும் காய்ச்சல் குறையவில்லை. ஊசியின் அளவைக் கூட்டச் சொல்லிக் கேட்டேன். மருத்துவர் மறுத்து, ஊசியையே நிறுத்தி வேறு மாத்திரை தந்தார். இரண்டே நாளில் சரியாகிவிட்டது. மூன்று நாள் ஊசி வீண்தானே?

பதில்: உங்கள் மருத்துவர் செய்தது சரி. மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை; டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் ஆக இருக்கும் என்று எண்ணுகிறேன். ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் காய்ச்சல் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில், குறிப்பாக மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும், புதர்களில் வாழும் சிறு உண்ணிப் பூச்சிகளின் இளம்புழு கடிப்பதால் வருகிறது. அந்தக் கிருமி நம் உடலின் உயிரணுக்களுக்குள் ஒளிந்து வாழ்வது. செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகள் தாக்கும் சுவர் அதற்கு ஏற்றபடி இல்லை. ஆகவே அளவை எவ்வளவு கூட்டினாலும் பயன் இராது. இடுப்பிலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற, வலிக்காத ஒரு கருத்த பொருக்கு இருக்கிறதா என்று ஆடையை விலக்கித் தேடிப் பார்க்கும் மருத்துவர், ஒரு நோயாளிக்குப் பல நாள் ஊசியை மிச்சப்படுத்துகிறார். இந்த நோய் முற்றினால் அதற்கும் ஊசி உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று இந்தியாவின் ஏழு மையங்களில் நடத்தி, 2023இல் வெளியிட்ட ஆய்வில், கடும் ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, இரண்டில் ஒன்றை மட்டும் தருவதை விட நல்ல பலன் அளித்தது.

ஆனால் மூன்று நாளில் காய்ச்சல் குறையாவிட்டால் மருந்து தவறு என்று எல்லாருக்கும் சொல்லிவிடவும் கூடாது. டைஃபாய்டில் சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் தணிய நான்கு முதல் ஆறு நாள் ஆகலாம். இடையில் பொறுமை இழந்து மருந்தை மாற்றுவதும், காய்ச்சல் நின்ற அன்றே ஊசியை நிறுத்துவதும் நோய் திரும்பி வர வழி செய்யும். பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் 2016இல் தொடங்கிய, செஃப்ட்ரியாக்சோனுக்கும் கட்டுப்படாத டைஃபாய்டு, டைஃபாய்டிலும் கல்ச்சர் எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டியது. கல்லீரலிலோ வேறெங்கோ சீழ் கட்டியிருந்தாலும் காய்ச்சல் இறங்காது. சீழை எடுக்காமல் மருந்து மட்டும் அங்கே போய்ச் சேர முடியாது. டெங்குவுக்கோ ஆன்டிபயாட்டிக்கால் எந்தப் பயனும் இல்லை; தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் இடுப்பில் ஊசி போட்டால் தசைக்குள் இரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்துதான் மிச்சம்.

வாசகி, காரைக்குடி: என் அப்பாவுக்கு 72 வயது, 50 கிலோ எடை. சிறுநீர்த் தொற்றுக்காக அமிக்கசின் 750 மில்லி கிராம் ஊசி பத்து நாள் போட்டார்கள். எட்டாம் நாளிலிருந்து காதில் ரீங்காரம் என்றார். வயதுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். இப்போது இரவில் எழுந்து நடக்கும்போது தள்ளாடுகிறார். ஊசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: தொடர்பு இருக்கவே வாய்ப்பு அதிகம். இதை எழுத வருத்தமாக இருக்கிறது. அப்பாவை உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்று கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுங்கள். சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினினையும் இரத்தத்தில் பாருங்கள்.

அமிக்கசின், ஜென்டமைசின், அந்தக் காலத்தில் காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவை ஒரே குடும்பம். இவை உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர் செல்களில் சேர்ந்து அவற்றை அழிக்கக்கூடும். அந்தச் செல்கள் மனிதர்களுக்கு மறுபடி வளர்வதில்லை. முதலில் மிகக் கூரிய ஒலிகள்தாம் கேட்காமல் போகும். சாதாரணப் பேச்சுக் கேட்பதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் உட்காதிலேயே இருப்பதால், பகலில் கண்ணின் துணையால் சமாளித்து, இருட்டில் மட்டும் தள்ளாடுவார்கள். ரீங்காரம், காது அடைத்தது போன்ற உணர்வு, தலைசுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றிய அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடுத்த ஊசியைப் போடும் முன்பு சொல்ல வேண்டும். ஊசியை நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் கேட்கும் திறன் மேலும் குறையலாம் என்பதால் ஆடியோகிராமை ஒரு முறையோடு விட்டுவிடாதீர்கள். சமநிலைக்கு உடற்பயிற்சி முறைகள் உண்டு. அவை நன்றாகவே உதவுகின்றன. அதுவரை இரவில் படுக்கையறையிலும் கழிவறைக்குப் போகும் வழியிலும் விளக்கு எரியட்டும்.

750 மில்லி கிராம் என்பது 50 கிலோ எடைக்கு, கிலோவுக்கு 15 மில்லி கிராம் என்ற வழக்கமான கணக்குப்படி சரியாகத்தான் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கு சிறுநீரகம் நன்றாக இயங்குபவருக்கானது. இந்த மருந்து சிறுநீர் வழியாக மட்டுமே வெளியேறுகிறது. 72 வயதில் கிரியாட்டினின் எண் பார்வைக்குச் சரியாக இருந்தாலும், வடிகட்டும் திறன் பாதியாகக் குறைந்திருக்கலாம். ஆகவே வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் வைத்துக் கணக்கிட்டு, டோஸ்களுக்கு இடையிலான நேரத்தை நீட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை கிரியாட்டினின் பார்க்க வேண்டும். வசதி இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் இரத்தத்தில் எஞ்சியுள்ள மருந்தின் அளவையும் பார்க்க வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள், சிறுநீர் பிரியத் தரும் ஃப்ரூசமைடு, வான்கோமைசின் ஊசி, உடலில் நீர்ச்சத்துக் குறைவு ஆகியவை சேர்ந்தால் கேடு பெருகும். சிறுநீரகத்துக்கு நேரும் பாதிப்பு பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் சரியாகிவிடும். காதுக்கு நேர்வது அப்படியன்று.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சில குடும்பங்களில் தாய்வழியாக வரும் ஒரு மரபணு மாற்றத்தால், இந்த மருந்துகள் குறைந்த அளவிலேயே காதைப் பறித்துவிடும். அம்மா, பாட்டி, மாமா, சித்தி என்று தாய்வழி உறவில் யாருக்காவது ஊசி போட்டபின் காது கேட்காமல் போனதாகப் பேச்சு இருந்தால், இந்தக் குடும்ப மருந்து எதையும் போடும் முன்பு அதைச் சொல்லியாக வேண்டும். மையஸ்தீனியா என்னும் தசைச் சோர்வு நோய் உள்ளவர்களும் அப்படியே.

இதைப் படித்துவிட்டு அமிக்கசினே வேண்டாம் என்று யாரும் மருத்துவரிடம் மறுக்க வேண்டாம். சிறுநீர்த் தொற்றில் பிற ஊசிகள் தோற்ற இடத்தில் அது வேலை செய்கிறது. மெரோபெனம் போன்ற கடைசிக் கட்ட மருந்துகளைக் கையில் எடுக்காமல் காக்கிறது. குறைந்த நாட்களுக்கு, கணக்கோடு, காதைப் பற்றி நாள்தோறும் ஒரு கேள்வி கேட்டுப் போட்டால் பெரும்பாலோர் எந்தக் குறையும் இல்லாமல் மீள்கிறார்கள்.

வாசகி, நாகப்பட்டினம்: என் தங்கையின் பன்னிரண்டு நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலையோடு தொற்றும் இருக்கிறது என்று சேர்த்திருக்கிறோம். எனக்குப் பிரசவத்தின்போது போட்ட செஃப்ட்ரியாக்சோனை ஏன் குழந்தைக்குப் போடவில்லை என்று கேட்டதற்கு, "அது ஆகாது" என்று மட்டும் சொன்னார்கள். ஏன்?

பதில்: அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. காமாலைக்குக் காரணமான பிலிருபின், இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு கட்டுக்குள் இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பிலிருபினை வெளியே தள்ளிவிடும். தளையற்ற பிலிருபின் பச்சிளங்குழந்தையின் மூளைக்குள் புகுந்து நிலையான பாதிப்பை உண்டாக்கலாம். மற்றொரு காரணம் கால்சியம். ரிங்கர் லாக்டேட் போன்ற, கால்சியம் உள்ள திரவங்களோடு இந்த மருந்து சேர்ந்தால் படிகமாக உறையும். பச்சிளங்குழந்தைகளின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் அப்படி உறைந்து உயிரிழப்பு நேர்ந்தது பதிவாகியிருக்கிறது. பிறந்து 28 நாட்களுக்குள் உள்ள குழந்தைக்குக் கால்சியம் கலந்த திரவம் நரம்பில் ஏறுகிறது என்றால் செஃப்ட்ரியாக்சோன் கூடவே கூடாது. பெரியவர்களுக்கும் இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஒன்றை முடித்து, குழாயைச் சலைனால் நன்றாக அலசிய பிறகு மற்றதை ஏற்றலாம். தங்கையின் குழந்தைக்கு வழக்கமாக ஆம்பிசிலினும் ஜென்டமைசினும் சேர்ந்த சிகிச்சையோ செஃபோடாக்சிமோ தருவார்கள். கவலைப்படாமல் இருக்கச் சொல்லுங்கள். தாய்ப்பால் கொடுப்பதை மருத்துவர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம்.

வாசகர், ஈரோடு: வலிப்புக்காக வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசி போடும்போது இதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: அவசியம் சொல்ல வேண்டும். மெரோபெனம், இமிபெனம், எர்டாபெனம் ஆகிய ஊசிகள் இரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவை ஓரிரு நாளில் மிகவும் குறைத்துவிடும். பல ஆண்டுகள் அடங்கியிருந்த வலிப்புத் திரும்பலாம். மாத்திரையின் அளவைக் கூட்டினாலும் இதை ஈடுசெய்ய முடியாது என்பதால், மருத்துவர் வேறு ஆன்டிபயாட்டிக்கையோ வேறு வலிப்பு மருந்தையோ தேர்ந்தெடுப்பார். இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களும் சொல்ல வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் போன்றவை இரத்தம் உறையும் நேரத்தை நீட்டிவிடும். மது அருந்துபவர்கள் தயங்காமல் அதைச் சொல்ல வேண்டும். செஃபோபெரசோன் ஊசி போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து அவதிப்படுவார்கள்.

வாசகர், மதுரை: சென்ற ஆண்டு எனக்கு எழுதிய சீட்டைக் காட்டி, அதே ஊசியை என் மனைவிக்கு வாங்கப் போனேன். மருந்துக் கடைக்காரர் தர மறுத்துவிட்டார். அவர் எனக்குப் பழக்கமானவர். இவ்வளவு கறார் தேவையா?

பதில்: தேவை. அந்தக் கடைக்காரருக்கு என் மரியாதை. செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனம் உள்ளிட்ட 46 மருந்துகளுக்காக ஏற்படுத்தப்பட்ட ஹெச் 1 அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே, 2012இல், இந்திய மருத்துவச் சங்கங்கள் பல சென்னையில் கூடி, ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இப்படியே கைமீறிப் போனால் வைத்தியத்துக்கு மருந்தே மிஞ்சாது என்று எச்சரித்து வெளியிட்ட அறிக்கை, சென்னைப் பிரகடனம் என்ற பெயரில் உலகெங்கும் பேசப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று வகையாகப் பிரித்தபோது, செஃப்ட்ரியாக்சோனைத் தாராளமாகப் பயன்படுத்தும் பட்டியலில் வைக்கவில்லை. கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய பட்டியலில் வைத்தது.

சென்ற ஆண்டு உங்களுக்கு வந்த காய்ச்சலும் இப்போது உங்கள் மனைவிக்கு வந்திருக்கும் காய்ச்சலும் ஒன்றல்ல. அவர் இப்போது மூச்சு வேகமாக வாங்குகிறாரா, பேச்சுக் குழறுகிறதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக் கடைக்குப் போகாமல் 108ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும், ஏற்கெனவே ஏதாவது ஊசி போட்டிருந்தால் அதன் காலிக் குப்பியைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை டோஸ், எந்த நேரத்தில் போட்டது என்பது தெரிந்தால் அவருடைய வேலை பாதியாகக் குறையும்.